ஒப்புக்கொடுத்தேன், அந்தச் சந்தோஷம் ஏன் நிற்கவில்லை?

15 பிப்ரவரி 2024 – கேள்வி

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டதால் கேட்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷனில் அழைப்புக் கொடுத்தபோது முன்னால் போய் முழங்கால் போட்டு என் வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்றைக்கு அழுகையும் சந்தோஷமும் தாங்கவில்லை. கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் போய்விட்டது. வேதம் வாசிக்கிறேன், காணிக்கை கொடுக்கிறேன், வாலிபர் கூட்டத்துக்குப் போகிறேன். சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் "அந்த நாளோடு எல்லாம் மாறியது" என்கிறார்கள். எனக்குள் எதுவும் மாறினதாகத் தெரியவில்லை. அப்படியானால் நான் செய்தது பொய்யா? சபையில் கேட்டால் ஜெபம் போதவில்லை என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி, இரவு

பொய் இல்லை தம்பி. அன்று அழுததும் நிஜம், இன்று வறண்டு கிடப்பதும் நிஜம். ஜெபம் போதவில்லை என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களிடம் இந்தக் கேள்வியை மறுபடி கொண்டுபோகாதீர்கள். பரீட்சைத் தாள் கட்டு மேஜையில் கிடக்கிறது. சனிக்கிழமை எழுதுகிறேன்.

17 பிப்ரவரி

முதலில் சாட்சியைப் பற்றி. நம் சபைகளில் சாட்சி சொல்ல ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் ஒருவர் தன் வாழ்க்கையை முன்பு, பின்பு என்று இரண்டாகத்தான் பிரித்துச் சொல்ல முடியும். குடித்தேன், இரட்சிக்கப்பட்டேன், விட்டேன். நடுவில் எத்தனை முறை கடை வாசல் வரை போய்த் திரும்பினார், வீட்டில் இருந்தவள் எத்தனை இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள் என்பதெல்லாம் மைக்கில் வராது. அவர் சொல்வது உண்மைதான். நேரம் அவ்வளவுதான் கிடைத்தது.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பாடசாலையில் காட்டத்தி மரம், குள்ள மனுஷன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம். மரத்தை விட்டு இறங்கும்போதே அவனுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது என்று லூக்கா எழுதுகிறார். அப்புறம் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி. கதை அங்கே நின்றுவிடும். என் நினைப்பு எப்போதும் அதற்கு மறுநாள் காலைக்குப் போகும். வரி வசூலிக்கிற ஆயக்காரரின் தலைவன் அவன். யாரிடம் எவ்வளவு அதிகமாகப் பிடுங்கினோம் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்து, எரிகோவில் அந்தந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். சிலர் வாங்கியிருப்பார்கள். சிலர் திட்டியிருப்பார்கள். சிலர் செத்துப்போயிருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளைத் தேடிப் போயிருப்பான். மரத்தடியில் வந்த சந்தோஷம் அந்தத் தெருக்களில் நடக்கத் தெம்பு கொடுத்திருக்கும். நடந்து முடித்தபிறகு வந்தது அதைவிடக் கனமானதாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அதனால் ஒரு கேள்வி. ஒப்புக்கொடுத்தேன் என்கிறீர்களே, எதை? என் வாழ்க்கை முழுவதையும் என்பீர்கள். திடப்படுத்தல் ஆகி சபையில் முழு அங்கமான அன்று நானும் அதைத்தான் சொன்னேன். முழுவதையும் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு, குறிப்பாக ஒன்றையும் கொடுக்காமல் வருஷக்கணக்கில் இருக்க முடிகிறது.

18 பிப்ரவரி

ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் ஒருவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைக் கொண்டுவந்திருக்கிறார். "அவருக்கு ஒரே ராத்திரியில் மாறியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

அந்த ராத்திரியை நான் மறுக்கவில்லை. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போனபோதே அவர் குருப்பட்டம் பெற்றவர், ஆக்ஸ்ஃபோர்டில் உபவாசமும் ஜெபமுமாகக் கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவர், அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய் மனம் உடைந்து திரும்பியவர். போகிற வழியில் கப்பல் புயலில் சிக்கியது. ஆங்கிலேயர் அலறினார்கள், மொரேவிய விசுவாசிகள் குழந்தைகளோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருக்கிற ஏதோ ஒன்று என்னிடம் இல்லையே என்ற தவிப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த ராத்திரிக்கு அப்புறம்? 1739 ஜனவரி தொடக்கத்தில் அவர் தன் நாட்குறிப்பில், தான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று எழுதுகிறார். இருதயம் அனல்கொண்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. தம்பி, உங்கள் கேள்வியும் இதுதானே? அதே வருஷம் ஏப்ரலில் பிரிஸ்டல் பக்கம் திறந்த வெளியில் பிரசங்கிக்க இறங்கினார். கோவில் சுவருக்கு வெளியே பிரசங்கிப்பது கேவலம் என்று நினைத்திருந்தவர் அவர். அந்தக் கூச்சத்தை விட்டுக்கொடுத்த பிறகுதான் நாம் அறிந்த வெஸ்லி கிடைத்தார். எனக்கு அந்த ஏப்ரல், மே மாதத்து ராத்திரி அளவுக்கு முக்கியம்.

24 பிப்ரவரி

"அக்கா, நீங்கள் எதைக் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், அதுதான் நியாயம்.

எங்கள் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். ஊரில் ஒரு வீடு, ஒரு விளை (தோட்ட நிலம்), கொஞ்சம் பனை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் சட்டம் தெளிவு: 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் ஊர் வழக்கம் சட்டத்தைக் கேட்டா நடக்கிறது? "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்றார் அண்ணன். நான் போடவில்லை. அவர் என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் அனுபவித்தார். பேச்சு நின்றது. அண்ணன் பிள்ளைகள் தெருவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், அதுதான் அதிகம் வலித்தது.

இந்தக் காலம் முழுக்க நான் சபையில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தேன். பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, கேரல், கைப்பிடி அரிசி வசூல். வேதம் தினமும் வாசித்தேன். சந்தோஷம் மட்டும் கிடையாது. திருவிருந்துக்கு முன் ஐயர் (எங்கள் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம்), அயலாரோடு அன்பாக இருக்கிறவர்கள் கிட்டி வாருங்கள் என்ற அழைப்பை வாசிப்பார். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஆனாலும் எழுந்து போவேன், எல்லாரும் போகிறார்களே.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, மும்மணி ஆராதனையில், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற வார்த்தையைப் பற்றி ஒரு வயதான உபதேசியார் பேசினார். பெரிய பிரசங்கி இல்லை அவர். ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இயேசு மன்னித்தார், அவர்கள் வந்து கேட்ட பிறகு அல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அண்ணன் வந்து கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கப்போவதில்லை என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரிந்துபோயிற்று. அப்படியானால் இந்தக் கசப்பை நான் சாகும்வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அல்லது இப்போதே இங்கே வைத்துவிட வேண்டும். வைத்தேன். கண்ணீர் வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. உங்களுக்குக் கன்வென்ஷனில் வந்தது எனக்கு அன்று துளியும் வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று அண்ணன் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காபி வந்தது. மழை, பனங்கிழங்கு, அத்தையின் முழங்கால் வலி என்று பேசிவிட்டு வந்தேன்.

சந்தோஷம் எப்போது வந்தது என்று நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை. நான் கவனிப்பதற்கு முன்னால் என் மகள் கவனித்துவிட்டாள். "அம்மா, இப்பல்லாம் சமைக்கும்போது பாடுறீங்க" என்றாள். பாடிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. தம்பி, உங்களுக்குள் எதுவும் மாறவில்லை என்று நீங்கள் மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். உங்களோடு அறையில் இருக்கிற பையனைக் கேளுங்கள்.

2 மார்ச்

நிறையப் பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். "மன்னித்தாச்சு என்றால் பங்கையும் விட்டுவிட்டீர்களா?"

இல்லை. விடவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் போனால் நான் எழுதியது கெடுதல் செய்துவிடும். நம் வீடுகளில் மன்னிப்பு என்ற வார்த்தையைப் பெண்களிடம் கையெழுத்து வாங்குவதற்குப் பயன்படுத்துகிறார்கள். "விசுவாசிதானே நீ, விட்டுக்கொடு" என்பார்கள். அதே வசனத்தை அண்ணன்மாரிடம் போய்ச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். சகேயுவைப் பார்த்து "ஏமாந்தவர்கள் மன்னித்துவிடுவார்கள், நீ பணத்தை வைத்துக்கொள்" என்று இயேசு சொல்லவில்லையே! பங்கு என்பது நியாயம். கசப்பு என்பது நான் சுமந்தது. கசப்பை இறக்கினேன், நியாயத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது கேட்கும்போது குரல் உயர்வதில்லை, ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது. அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அண்ணனிடம் பங்கு கேட்க முடிகிறது. இதற்கு மேல் என்ன அற்புதம் வேண்டும்?

அடி உதை நடக்கும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: மன்னிப்பது என்றால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது என்று அர்த்தமே இல்லை. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

3 மார்ச்

கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். தினமும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது, அதை சபையில் சேர்ப்பது. நெல்லைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. பணம் கையில் பார்க்காத பெண்கள் கொடுத்த காணிக்கை அது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் நண்பர்களும் 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். நம் ஊர் விசுவாசிகள் நம் காசில் நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு ஊழியத்துக்கு அனுப்பிய வேலை. அந்தத் தெலுங்கு நாட்டிலேயே தோர்ணக்கல்லின் பேராயராக அசரியா 1912-ல் ஆனார். மாறின வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டால் பேராயரையும் காட்டலாம், அந்தப் பானையையும் காட்டலாம். நான் பானையைக் காட்டுவேன்.

கீழே எந்த ஊர் அசனத்தில் (சபை விருந்தில்) கறிக்குழம்பு ருசி என்று பெரிய சண்டையே ஓடுகிறது. நாசரேத்துக்காரர்களும் மெஞ்ஞானபுரத்துக்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. ராத்திரி முழுக்க ஊரே சேர்ந்து வெங்காயம் உரித்துச் சமைத்தது எதுவானாலும் ருசியாகத்தான் இருக்கும். சண்டை நடக்கட்டும், படிக்க நன்றாக இருக்கிறது.

9 மார்ச்

தம்பி எனக்குத் தனியாக எழுதியதில் ஒரு வரியை, அவர் அனுமதியோடு, இங்கே எடுக்கிறேன். சில வாரங்களாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, குளிக்கக்கூட மனசு வரவில்லை என்கிறார்.

இது வேறு விஷயம். இதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள், மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஐயர்மார் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மனசுக்குச் சாப்பிட்டால் மட்டும் பாவமா?

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். இன்றும் நம் ஆராதனைகளில் பாடுகிற சில பாட்டுகளின் மூலம் அவருடையது. ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டன் குருவாக இருந்தார், அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே கூப்பர் 1767-ல் அங்கே குடிவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பாட்டெழுதினார்கள், ஜெபக்கூட்டம் நடத்தினார்கள், ஏழைகள் வீட்டுக்குப் போனார்கள். 1773 தொடக்கத்தில் கூப்பருக்குப் பழைய மனநோய் திரும்ப வந்தது. கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பினார். அதன்பிறகு ஆலயத்துக்கே போகவில்லை. 1800-ல் சாகும்வரை அந்த எண்ணம் முழுவதும் விலகவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனை என்ன சொல்வோம்? விசுவாசத்தை விட்டவர் என்போமா? நியூட்டன் அப்படிச் சொல்லவில்லை. கூப்பரைத் தன் வீட்டிலேயே கொண்டுவந்து ஓராண்டுக்கும் மேல் வைத்திருந்தார். சௌகரியமாக இருந்திருக்காது. நாள் முழுக்க நம்பிக்கை இல்லை என்று அழுகிறவரை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் நம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டும். பிற்பாடு கூப்பர் முயல்கள் வளர்த்தார், தோட்டம் போட்டார், தச்சு வேலை செய்தார், கவிதை எழுதினார். அதெல்லாம் அவரைத் தாங்கியது. சந்தோஷம் உணர முடியாத மனுஷன் எழுதிய பாட்டு இருநூறு வருஷமாக மற்றவர்களுக்குச் சந்தோஷம் கொடுக்கிறது. ஆகவே சந்தோஷம் இருந்தால்தான் விசுவாசம் உண்மை என்று அளக்காதீர்கள். அந்த அளவுகோல் கூப்பரிடம் செல்லாது.

10 மார்ச்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் கட்டளையாகச் சொல்கிறாரே." சொல்கிறார். விலங்கு மாட்டிய கையோடு சொல்கிறார். அதே நிருபத்தில், தன் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து செத்துப் பிழைத்ததைச் சொல்லி, துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்றும் எழுதுகிறார். துக்கம் இல்லாதவர் எழுதும் வரியா அது? இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே சமயத்தில் இருந்திருக்கிறது.

21 மார்ச்

இன்றைய தேதிக்காகவே காத்திருந்தேன். ஜான் நியூட்டன் தன் வாழ்நாள் முழுக்க மார்ச் 21-ஐ ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். 1748-ல் அட்லாண்டிக் கடலில் புயல், கப்பலின் பக்கம் உடைந்து தண்ணீர் உள்ளே வருகிறது, கடவுளைக் கேலி பேசித் திரிந்த மாலுமி முதன்முறையாக இரக்கம் கேட்கிறான். சாட்சிகளில் இந்த இடத்தோடு நிறுத்துவார்கள்.

நிறுத்தக் கூடாது. அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமை வியாபாரக் கப்பல்களுக்குத் தலைவர் ஆனார். மேல்தட்டில் ஞாயிறு ஆராதனை, கீழே சங்கிலியில் ஆப்பிரிக்கர்கள். 1754-ல் கடலை விட்டது உடம்பு சரியில்லாமல் போனதால், மனசாட்சி குத்தியதால் இல்லை. 1764-ல் குருப்பட்டம். அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788-ல்! புயலிலிருந்து நாற்பது வருஷம். அந்தப் பிரசுரத்திலேயே, என் அறிக்கை தாமதமாக வருகிறது என்று வருந்துகிறார். வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் எம்.பி. அரசியலை விட்டுவிடலாமா என்று 1785-ல் அவரிடம் ஆலோசனைக்கு வந்தார், விடாதே என்று அனுப்பிவைத்தார். அந்த வில்பர்ஃபோர்ஸ் போராடித்தான் 1807-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதே வருஷ டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

இதை எழுதும்போது எனக்கு இரண்டு எண்ணம். மாற்றம் மெதுவாக வரும், பொறுத்திருங்கள் என்று ஆறுதல் சொல்ல இந்தக் கதையை எடுத்தேன். ஆனால் அந்த மெதுவுக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் கீழ்த்தட்டில் கிடந்தவர்கள். நியூட்டன் மெதுவாக மாறியது நியூட்டனுக்கு மட்டும்தான் பொறுமை. அதனால் இப்படிச் சொல்கிறேன்: நம் மனசு மாறுவதற்கு நேரம் எடுக்கட்டும், கடவுள் நீடிய பொறுமை உள்ளவர். நம்மால் இன்னொருவர் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்துவிட்டால் மட்டும் மனசு மாறக் காத்திருக்கக் கூடாது. அங்கே கை முதலில் போகட்டும், மனசு பின்னால் வந்து சேரும்.

26 மார்ச்

"ஒப்புக்கொடுத்தால் கடவுள் பிடிக்காத இடத்துக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறாள். ஐடா ஸ்கடருக்கும் அந்தப் பயம்தான். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர், இந்தியாவில் மிஷனரியாக மட்டும் இருக்கவே மாட்டேன் என்றிருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் என் அப்பாதான் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, அடுத்த வருஷம் வேலூர் வந்துவிட்டார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார், இன்றைய சிஎம்சி அதிலிருந்து வளர்ந்ததுதான். 1960-ல் கொடைக்கானலில், நம் மண்ணிலேயே இறந்தார். ஓடி ஒளிந்த இடத்திலேயே ஒரு ஆயுசுக்கான சந்தோஷம் கிடைத்தது அவருக்கு. உனக்கு எந்த இடம் என்று எனக்குத் தெரியாது தங்கச்சி. வேலூராக இருக்க வேண்டியதில்லை, உன் தெருவாகவும் இருக்கலாம்.

6 ஏப்ரல்

ஈஸ்டர் வேலையில் இங்கே வரவில்லை. தம்பியின் பதிலை இன்றுதான் பார்த்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டார், மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், தூக்கம் கொஞ்சம் பரவாயில்லையாம். ஸ்தோத்திரம்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவர் கொடுக்காமல் வைத்திருந்தது என்ன என்று தெரிந்துவிட்டதாம். படிப்பை மாற்றிக்கொண்ட விஷயத்தில் அப்பாவோடு பேச்சு நின்று வருஷங்கள் ஆகின்றன. ஈஸ்டர் அன்று போன் செய்தாராம். அப்பா "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். "சந்தோஷமாகவும் இல்லை, ஏமாற்றமாகவும் இல்லை, ஏதோ இறங்கின மாதிரி இருக்கிறது" என்கிறார்.

தம்பி, அப்பாமார் பேசுகிற பாஷையில் "சாப்பிட்டியா?" பெரிய வார்த்தை. அடுத்த ஞாயிறும் போன் பண்ணுங்கள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றீர்களே, லீவு கிடைத்தால் அந்த இரண்டு நாள் ஊருக்குப் போய்ச் சொட்டு மருந்து விடுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், கொஞ்சம் நன்றாக இருக்கும்போதுதான் நிறுத்தத் தோன்றும்.

பத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: இன்னும் ஆகவில்லை. சர்வேயர் வந்து விளையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். சங்கிலி பிடித்துக் காட்டியது அண்ணன் மகன், மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிட்டான்.